மலைத்தோட்டங்களுக்குப் போதிய குடும்பநல உத்தியோகத்தர்களைப் பயிற்றுவித்து நியமிக்கக் கோரும் மனு

செயலாளர் அவர்கள்,
சுகாதார அமைச்சு,
சுவசிரிபாய, கொழும்பு 10.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

நுவரெலியா மாவட்டத்தின் மேல்மலைத் தோட்டமொன்றில் வாழும் தாய்மார் ஆதரவுக் குழுவினராகிய நாங்கள், எங்கள் பகுதிக்கான குடும்பநல உத்தியோகத்தர்களின், அதாவது மருத்துவமாதரின், எண்ணிக்கையையும் பயிற்சியையும் குறித்து இம்மனுவைத் தங்கள் மேலான கவனத்திற்குச் சமர்ப்பிக்கின்றோம்.

1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட காலம் முதல், வீடு தேடி வரும் மருத்துவமாதரே இந்நாட்டின் தாய் சேய் நலத்தைத் தாங்கி வந்துள்ளனர் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். எங்கள் பெண்கள் இன்றும் 'மிஸ்ஸி' என்று உரிமையோடு அழைக்கும் அவர்கள்மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்கள்மேல் ஏற்றப்பட்டிருக்கும் சுமையே எங்கள் முறைப்பாடு.

ஏறத்தாழ 3,000 பேருக்கு ஓர் உத்தியோகத்தர் என்னும் கணக்கு, வீடுகள் நெருங்கியிருக்கும் சமவெளிக்குப் பொருந்தலாம். தோட்டத்தின் மேற்பிரிவான எங்கள் மேல்கணக்கிலிருந்து கீழ்ப்பிரிவான கீழ்கணக்கிற்குத் தேயிலை மலையூடாக இறங்கி ஏறவே அரை நாள் போய்விடும். மழை நாளில் முச்சக்கரவண்டியும் வர மறுக்கும். தோட்ட நிர்வாகம் அமர்த்தியிருந்த மருத்துவமாது ஓய்வு பெற்றபின் அவ்விடம் நிரப்பப்படவில்லை. அயற்பிரிவின் உத்தியோகத்தரே பதில் கடமையாக எங்களையும் பார்க்கிறார். பிரசவித்த தாயை முதல் 10 நாட்களுக்குள் இருமுறை வீட்டில் சென்று பார்க்க வேண்டும் என்ற விதி, இரண்டு பிரிவுகளை ஒருவரே நடந்து பார்க்கும்போது எப்படி நிறைவேறும்?

சென்ற ஆண்டு எங்கள் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) நடந்ததைக் கூறாமல் இருக்க இயலவில்லை. தலைப்பிரசவம் முடிந்து வீடு திரும்பிய பெண்ணொருத்திக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. பதினொராம் நாள் வந்த உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாது. வீட்டில் சிங்களம் தெரிந்திருந்தவன் எட்டாம் வகுப்பில் படிக்கும் அவளுடைய தம்பி மட்டுமே. காய்ச்சலையும் தலைவலியையும் சொன்ன அந்தப் பிள்ளை, அக்காவின் உதிரப்போக்கைப் பற்றி வாய்திறக்கக் கூசி விட்டுவிட்டான். அன்றிரவே தோட்ட லொறியில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றோம். அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்தச் சிறுவனும், மொழி அறியாமல் திகைத்து நின்ற அந்த உத்தியோகத்தரும் சுமந்த பாரம் இருவர்மீதும் விழுந்திருக்கவே கூடாது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாகிய நாட்டில், ஒரு தாய் தன் உடலைப் பற்றித் தன் மொழியில் பேச முடிவது சலுகையன்று.

குழந்தைகளின் நிலையும் இதனோடு பிணைந்ததே. 2016ஆம் ஆண்டின் குடிசன மற்றும் சுகாதார ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடளாவிய ரீதியில் 17.3 வீதமாக இருக்க, தோட்டப்புறத்தில் 31.7 வீதமாக இருந்தனர். வறுமையும் இதற்குக் காரணம் என்பதை நாங்கள் மறைக்கவில்லை. எனினும் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்திற்குச் செல்லும் தாய், தோட்டக் குழந்தைகள் காப்பகமான பிள்ளை மடுவத்தில் விட்டுச் செல்லும் குழந்தைக்கு என்ன ஊட்டப்படுகிறது, வளர்ச்சி அட்டையில் அதன் நிறைக்கோடு ஏன் சரிகிறது என்பதை அவளுடன் உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். திரிபோஷ என்னும் சத்துமாவுப் பொதியைக் கொடுத்தால் மட்டும் அது நடக்காது.

ஆகவே தோட்டப்பகுதிகளுக்கான ஆளணியைத் தீர்மானிக்கும்போது சனத்தொகையுடன் நடைத் தூரத்தையும் மலைச்சரிவையும் கணக்கிலெடுத்து, ஒருவருக்குரிய பிரிவைச் சிறிதாக்குமாறும், வெற்றிடங்களை நிரப்புமாறும் பணிவுடன் வேண்டுகின்றோம். பயிற்சிக்கான அடுத்த ஆட்சேர்ப்பில் தோட்டப் பாடசாலைகளில் கற்ற யுவதிகளுக்கென இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும். விஞ்ஞான ஆசிரியரே இல்லாத பாடசாலையில் படித்தவள் தகைமையில் சற்றுப் பின்தங்கினால், அவளைத் தள்ளிவிடாமல் முன்பயிற்சி ஒன்றின் மூலம் சேர்த்துக்கொள்ளலாம் என்பது எங்கள் கருத்து. பாடங்கள் தமிழிலும் கற்பிக்கப்பட்டு, களப்பயிற்சியின் ஒரு பகுதி லயங்களிலும் பிள்ளை மடுவங்களிலும் நடைபெற வேண்டும். இப்போது பணியிலிருக்கும் சிங்கள உத்தியோகத்தர்களுக்குக் கடமை நேரத்திலேயே பேச்சுத்தமிழ் வகுப்பு அளிக்கப்பட்டால், அவர்களிற் பலர் மனமுவந்து கற்பார்கள் என்று நம்புகின்றோம். எங்கள் வீடுகளில் தேநீர் அருந்தியபடியே ஓரிரு சொல் கேட்டுப் பழகியவர்களும் இருக்கின்றனர்.

புதியவர்கள் பயிற்சி முடித்து வரும்வரை, வாரத்தில் ஒரு நாளாவது எங்கள் மேல்கணக்கிற்குத் தமிழறிந்த ஓர் உத்தியோகத்தர் வருவதற்கு வாகன வசதியுடன் ஒழுங்கு செய்துதருமாறு கேட்டுக்கொள்கின்றோம். எங்கள் குழுவில் இப்போது மூன்று கர்ப்பிணிகள் இருக்கின்றனர்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்,
தாய்மார் ஆதரவுக் குழு (உறுப்பினர்களின் கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)