பூ கொடுத்தவர்களுக்கும் சருகு கொடுத்தவர்களுக்கும்

சேலம் கன்னங்குறிச்சிப் பக்கம் நடக்கும் எங்கள் சமூகத் தோட்ட வகுப்புக்கு இந்த ஆடிப்பட்டத்தில் தோள்கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

முதல் நன்றி பூ மார்க்கெட் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும். எங்கள் உரக்குழிக்காக விற்காத பூவைத் தனிச் சாக்கில் கட்டி வைத்தீர்கள். வாழைநார் மட்கிவிடும், நைலான் நூலும் ஜிகினாவும் மட்காது. அவற்றை நீங்களே உருவிவிட்டுக் கொடுத்தது பெரிய உதவி. பூவில் ஈரமும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) அதிகம். தனியாகக் குவித்தால் காற்றுப் புகாமல் மூன்றே நாளில் கொழகொழத்து நாறும். ஒரு கூடை பூவுக்கு இரண்டு கூடை காய்ந்த சருகு, அதன்மேல் சாணிக்கரைசல் தெளிப்பு என்று அடுக்கினால்தான் உரக்குழி உருப்படும்.

அந்தச் சருகு ஏற்காட்டுக் காபித் தோட்டங்களிலிருந்து வந்தது. மூட்டை கட்டிக் கொடுத்த தொழிலாளர்களுக்கும், காலியாகக் கீழே இறங்கிய வண்டியில் ஏற்றிவந்த ஓட்டுநர்களுக்கும் எப்படி நன்றி சொல்வது! காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரத்தின் இலை கெட்டியானது, நறுக்காமல் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். அரிவாள்மனையோடு உட்கார்ந்து நறுக்கித் தந்த தாய்மார்களுக்கும் இதில் பங்குண்டு.

குழியில் ஒரு பிடி அள்ளி இறுக்கினால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிய வேண்டும். ஒழுகினால் சருகு சேர்க்கணும், உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்கணும். நான்கைந்து நாளில் நடுவே கைவிட்டால் சூடு சுரீரென்று ஏறும். பிள்ளைகள் மறக்காத பாடம் அதுதான். பத்து நாளுக்கு ஒருமுறை புரட்டி, சூடு அடங்கி மண்வாசனை வர இரண்டு மூன்று மாதம் ஆகும். பாதி மட்கியதை அவசரப்பட்டுப் பாத்தியில் போட்டால், அது மட்குவதற்கு மண்ணிலுள்ள தழைச்சத்தையே இழுத்துக்கொள்ளும், நாற்று வெளுத்துப்போகும்.

மண் பரிசோதனை அட்டையை வரிவரியாக விளக்கிய வேளாண் அலுவலருக்கும் நன்றி. வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், கிடக்கும் ஊர் இது. அந்தப் பக்கத்து மண்ணில் மெக்னீசியம் மிகுந்து, செடி சுண்ணாம்புச்சத்தை (கால்சியம்) எடுப்பது குறையும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாகப் பாய்ச்சினால் இன்னும் மோசம்: தக்காளியின் அடி கறுத்துக் குழிவிழும். அது பூச்சியல்ல, மருந்தடித்துப் பயனில்லை. அட்டையில் கண்ட அளவு சுண்ணாம்புச்சத்து தரும் ஜிப்சம், மண்ணைச் சருகால் மூடும் மூடாக்கு, சீரான தண்ணீர், இவ்வளவுதான் வைத்தியம். தண்ணீருக்குத் தன் கிணற்றையே திறந்துவிட்ட பக்கத்துத் தோட்டக்காரருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

வாழப்பாடிப் பக்கமிருந்து நாட்டுக் கத்திரி விதை கொண்டுவந்த ஆயாவுக்குத் தனி நன்றி. முற்றி மஞ்சள் பாய்ந்த காயை அரிந்து, தண்ணீரில் பிசைந்து, மிதப்பதைத் தள்ளிவிட்டு, மூழ்கிய விதையை மட்டும் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தும் பக்குவத்தை நீங்கள் உட்கார்ந்து செய்து காட்டினீர்கள். வெயிலில் போட்டால் முளைப்பு குறையும் என்று ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்துச் சொன்னீர்கள்.

அந்த விதையில் வீட்டுக்கு ஒரு பொட்டலம் மடித்து வைத்திருக்கிறோம். சனிக்கிழமை காலை தோட்டத்துக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

தோட்டக் கல்விக் குழுவினர்