மாரிக்கு: பழைய பி.எஃப். சீட்டு இருக்கிறதா?

அன்புள்ள மாரி,

நலம். நீ, ராணி, பேரன் எல்லோரும் நலமாக இருப்பீர்கள். சம்பிரதாயம் முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

இது என் கையெழுத்து இல்லை என்று பார்த்ததுமே தெரிந்திருக்கும். நான் சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதுகிறாள். கெட்ட வார்த்தை வந்தால் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை முறைக்கிறாள். அதனால் மில்லைப் பற்றி வரும் இடமெல்லாம் கொஞ்சம் மொட்டையாக இருக்கும், நீயே நிரப்பிக்கொள்.

போன ஆடியில் மில்லில் இரவு ஷிப்டில், நூல் நூற்கிற ரிங் ஃபிரேமுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஸ்பேனர் கையிலிருந்து நழுவியது. எடுத்தேன், மறுபடியும் நழுவியது. பக்கத்தில் இருந்த பையன், "அண்ணே, உங்களுக்கு வாய் கோணுது" என்றான். அவ்வளவுதான். வலது பக்கம் முழுக்கப் பக்கவாதம். உன்னிடம் சொல்லக் கூடாது என்று எல்லோரையும் தடுத்து வைத்தது நான்தான். நீ பஸ் ஏறி வந்து கட்டில் பக்கத்தில் நின்று அழுவாய், உன்னைத் தேற்ற அப்போது எனக்கு வாயும் வராது. இப்போது பேச்சு வந்துவிட்டது. கால் இழுத்து இழுத்து நடக்கிறது. கைதான் சொன்னபடி கேட்பதில்லை.

சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை, பயப்படாதே. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த ஈ.எஸ்.ஐ., அதுதான் தொழிலாளர் காப்பீடு, இப்போதுதான் கைகொடுக்கிறது. சாதாரணக் காய்ச்சல், கால் முறிவு என்றால் வருடத்தில் 91 நாள், சம்பளத்தில் 70 சதவீதம். பக்கவாதம், புற்றுநோய், காசநோய் மாதிரி 34 நோய்களுக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது. அதில் வந்தால் 80 சதவீதம், இரண்டு வருடம் வரைக்கும் தருவார்கள். அதற்கப்புறம்? அங்கேதான் தூக்கம் போகிறது.

எனக்கு 56 முடிந்துவிட்டது. முதியோர் உதவித்தொகை வேண்டுமென்றால் 60 ஆக வேண்டும். வேலைக்கு எடுக்கிறவனோ 40-க்கு மேலே ஆன ஆளைத் தொட மாட்டான். இடையில் இருக்கிற இருபது வருடத்தில் மனிதன் என்ன செய்வான் என்று யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை.

நம்ம குருசாமியை ஞாபகம் இருக்கிறதல்லவா, கணக்குப் பரீட்சையில் உன்னைப் பார்த்து எழுதி உன்னைவிட அதிக மார்க் வாங்கியவன். இப்போது தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறான். பாதி வக்கீல் ஆகிவிட்டான். அவன்தான் எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்தான். முதலில் மாற்றுத்திறனாளிச் சான்றும் அடையாள அட்டையும் வாங்க வேண்டும். 40 சதவீதத்துக்குக் குறைந்தால் அந்த அட்டையால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. 40 இருந்து, ஆதரவும் இல்லை என்றால் வருவாய்த் துறையில் மாதம் 1,500. 75-க்கு மேல் போனால் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையில் பராமரிப்பு உதவி 2,000. டெல்லியின் பங்கு 300 ரூபாய், அதற்கு 80 சதவீதம் வேண்டுமாம். உடம்பு எவ்வளவு கெடுகிறதோ அவ்வளவு மரியாதை.

ஆஸ்பத்திரியில் சான்றுக்குப் போகிற அன்று காலையில் குருசாமி வீட்டுக்கே வந்து சொன்னான்: "டாக்டர் தூக்கச் சொன்னாத் தூக்காதடா. தொங்க விட்ரு."

நான் அதுவரைக்கும் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? பிசியோதெரபிப் பெண் சொன்னபடி தினமும் விடியற்காலையில் எழுந்து, ஈரத்துணியைப் பிழிவது, அரிசிக்குள் விரலை விட்டுத் துழாவுவது, சட்டைப் பித்தானைப் போட்டுக் கழற்றுவது. ஒரு பித்தான் போட்டு முடிப்பதற்குள் பக்கத்து வீட்டு ரேடியோவில் செய்தி முடிந்துவிடும். அந்தப் பெண் சீட்டில் "நல்ல முன்னேற்றம்" என்று எழுதித் தந்தபோது நானும் வீட்டுக்காரியும் பாயசம் வைத்துச் சாப்பிட்டோம். அதே சீட்டை இப்போது ஒளித்து வைக்கச் சொல்கிறான் குருசாமி.

டாக்டர் சின்னப் பையன், நல்ல மாதிரி. பேனா மூடி ஒன்றை மேசையில் வைத்து எடுக்கச் சொன்னார். ஓடுகிற ஸ்பிண்டிலைத் தாங்குகிற போல்ஸ்டரில் விரலை வைத்தே எண்ணெய் வற்றியிருக்கிறதா என்று சொன்ன கைடா இது. மூடி உருண்டு கீழே போனது. அப்புறம் கையைத் தூக்கச் சொன்னார். மாரி, தொங்க விட எனக்கு வரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு தோள் உயரத்துக்குத் தூக்கிக் காட்டினேன். அவர் "வெரி குட்" என்றார். 55 சதவீதம் போட்டார். குருசாமி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

55 என்றால் மீதி 45 சதவீதம் ஃபிட்டர் பாக்கி இருக்கிறான் என்று அர்த்தமா? ஒரே கையால் பேரிங் மாட்ட முடியுமா? சதவீதம் உடம்பைத்தான் அளக்கிறது. அந்த உடம்புக்கு என்ன வயசு, அது என்ன வேலை செய்து பிழைத்தது என்று அந்தத் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை. இதே 55, ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்க்கிற 30 வயசுக்காரனுக்கு வேறு, எனக்கு வேறு இல்லையா?

வேலையைப் பற்றிக் கேட்கிற இடம் ஒன்று இருக்கிறது, அதுவும் குருசாமி கண்டுபிடித்ததுதான். பி.எஃப்.-இல் 1995-ஆம் வருடத்துப் பென்ஷன் திட்டம். சாதாரணமாக 10 வருடச் சேவை இருந்தால்தான் 58-இல் பென்ஷன். எனக்கு மில்லில் 8 வருடம்தான். ஆனால் வேலையில் இருக்கும்போதே நிரந்தரமாக முடியாமல் போனால் அந்தப் 10 வருடக் கணக்கு கிடையாது, ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே போதும். வேலை செய்யும்போதுதான் அடிபட வேண்டும் என்றும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த அந்த வேலைக்கு இவன் இனி லாயக்கா என்று மருத்துவக் குழு பார்க்கும். சம்பளத்தைச் சேவை வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சராசரி 14,000 என்றால் எனக்கு 1,600 வரும். குறைந்தபட்சம் 1,000, அது 2014-இலிருந்து அசையாமல் அப்படியே நிற்கிறது. சிரிக்காதே, ஆயுசு முழுக்க வரும்.

சிக்கல் "வேலையில் இருக்கும்போதே" என்பதில். மில்லிலிருந்து ஆள் வந்து உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, "அண்ணாச்சி, எதுக்கு இழுத்துக்கிட்டு, ராஜினாமா எழுதிக் குடுங்க, கணக்கை முடிச்சுச் செட்டில் பண்ணிரலாம்" என்றான். (இங்கே சின்னவள் ஒரு வரியை விட்டுவிட்டாள்.) ஈ.எஸ்.ஐ. சிகிச்சைப் பணம் வாங்குகிறவனை அந்தக் காலத்தில் வேலையைவிட்டு நிறுத்தக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதனால்தான் தானாக எழுதித் தரச் சொல்கிறார்கள். நான் கை வரவில்லை, கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த ஒரு நாள் இந்தக் கை உதவியது.

வீட்டுக்காரிக்குத்தான் மனசு ஆறவில்லை. "வேலைக்கு லாயக்கில்லைன்னு எழுதித் தாங்கன்னு நாமளே போய்க் கேக்கணுமா" என்று ஒரு ராத்திரி முழுக்க விசும்பினாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது? எனக்கும் அந்தத் தாளை வாங்க ஆசை இல்லை. வாங்காவிட்டால் அவள் மறுபடியும் தீப்பெட்டி ஒட்டப் போக வேண்டும்.

ஒரு நல்லது நடந்திருக்கிறது. டவுன் பஸ்ஸில் எனக்கும் இனி டிக்கெட் இல்லை. பெண்களுக்கு ஏற்கெனவே இலவசம். ஓசியில் போகிறாள் என்று அவளை இத்தனை நாள் கேலி செய்துகொண்டிருந்தேன், இப்போது கண்டக்டர் முன்னால் என் அட்டையை அவள்தான் எடுத்துக் காட்டுகிறாள்.

இப்போது உன்னிடம் வருகிறேன். 1996-இலிருந்து இரண்டரை வருடம் நீயும் நானும் அந்தப் பட்டறையில் லேத் ஓட்டினோமே, மூக்குப்பொடி முதலாளி. அங்கே பி.எஃப். பிடித்தார்கள், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். உன் தங்கச்சி கல்யாணத்துக்கு நீ உன் பணத்தை எடுத்தாய். நான் எடுக்கவில்லை என்றுதான் இவள் அடித்துச் சொல்கிறாள். பென்ஷன் பணத்தை எடுக்காமல் இருந்தால் அந்தச் சேவையை இந்தக் கணக்கோடு சேர்க்க மனுப் போடலாமாம். சேர்ந்தால் எட்டும் இரண்டும் பத்து. அப்புறம் எந்தக் குழு என்ன சொன்னாலும், 58-இல் என் பென்ஷன் எனக்கு.

என்னிடம் ஒரு தாளும் இல்லை, கூரை மாற்றியபோது போய்விட்டது. ஆனால் நீ ரேஷன் கடை ரசீதுகூட எறியாதவன். உன் பழைய சீட்டு கிடைத்தால் பட்டறையின் பி.எஃப். நம்பர் அதில் இருக்கும், அதை வைத்து என்னுடையதைத் தேடலாம் என்கிறான் குருசாமி. அந்தப் பச்சை டிரங்குப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கு. ராணி திட்டினால் நான் சொன்னேன் என்று சொல். கிடைத்தால் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துச் சின்னவள் நம்பருக்கு அனுப்பு. அசலைத் தபாலில் போட்டுவிடாதே.

கிடைக்காவிட்டாலும் போன் பண்ணு. நேரில் வருவதென்றால் சாயங்காலத்தில் வா, காலையில் நான் அரிசி துழாவிக்கொண்டிருப்பேன்.

உன்,
சங்கரன்