நட்சத்திர அச்சும் மூன்று மை டப்பாக்களும்

காக்ஸ் டவுன், பெங்களூர்
நவம்பர் 3

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளைக்கும் குட்டிக்கும் எங்கள் ஆசீர்.

கிறிஸ்துமஸ் கார்டு அடிக்க நீ கேட்ட ரப்பர் ஸ்டாம்புகளை எல்லாம் துடைத்துக் கட்டி வைத்துவிட்டேன். நாளைக் காலை பார்சல் போகிறது. இந்தக் கடிதத்தையும் உள்ளேயே வைக்கிறேன். முதலில் இதைப் படித்துவிடு, அப்புறம் மை டப்பாவைத் திற.

போனில் பேசும்போது, "நாற்பது பேருக்கும் ஒரே மாதிரி அடிச்சு அனுப்பிடலாம்ப்பா" என்றாய். வேண்டாம் கண்ணு. ஒரே மாதிரி நாற்பது வேண்டுமானால் பிரஸ்ஸில் கொடுத்துவிடலாம், சுத்தமாக அடித்துத் தருவார்கள். கையால் செய்கிற கார்டில் இருக்கிற பெரிய வசதியே, இது யார் கைக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டே செய்யலாம் என்பதுதான். பத்துப் பன்னிரண்டு பேர் போதும். ஒவ்வொருவருக்கும் எந்த மை, எந்தத் தாள், எவ்வளவு அழுத்தம் என்று யோசித்துச் செய். மற்றவர்களுக்குப் போன் போட்டுப் பேசு, அதுவும் நல்லதுதான்.

பார்சலில் இருக்கிற பெரிய நட்சத்திரம் நம்ம சிவாஜிநகர் கடையில் நானே போட்டது. பிளாக் மேக்கரிடம் துத்தநாக பிளாக் (படம் மேடாக நிற்கிற அச்சுத் தகடு) வாங்கி, அதைப் பிளாஸ்டரில் பதித்துக் குழி எடுத்து, மேலே வேகாத ரப்பர் ஷீட்டை வைத்து, சூடான பிரஸ்ஸில் அழுத்துவோம். ரப்பர் இளகிக் குழிக்குள் இறங்கும், கலந்திருக்கிற கந்தகத்தால் அங்கேயே வெந்து கெட்டியாகும். பிறகு உரித்தெடுத்து, ஓரம் வெட்டி, மரக்கட்டையில் ஒட்டுவோம். கடையை இப்போது நடத்துகிற உன் சித்தப்பா மகன் லேசர் மெஷினில் வெட்டித் தருகிறான். அதுவும் துல்லியமாகத்தான் இருக்கிறது. குடில், பொங்கல் பானை, வாழ்த்து வாசகம் மூன்றும் அவன் வெட்டியவை. தமிழ் வாசகத்தை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். சின்ன எழுத்தில் ழ, ண, ஞ இவற்றின் உள்வளைவுகளில் மை அடைத்துக்கொண்டு எல்லாம் கறுப்புப் புள்ளியாகிவிடும்.

இனி மை. இதைப் பொறுமையாகப் படி, பாதி வேலை இங்கேதான் இருக்கிறது.

வீட்டில் இருக்கிற ஆபீஸ் ஸ்டாம்ப் பேடை இதற்குத் தொடாதே. அந்த ஊதா மையில் கிளிசரின் மாதிரி மெதுவாக உலர்கிற திரவம் இருக்கும். பேட் காயாமல் இருக்க அது வேண்டும், ஆனால் தாள் உறிஞ்சினால்தான் மை காயும். வழவழப்பான அட்டையில் அடித்தால் மறுநாளும் விரலில் ஒட்டும். சாதாரணத் தாளில் ஓரம் பரவிவிடும்.

நான் அனுப்பியிருப்பதில் மூடியில் 'க' என்று எழுதியது கறுப்பு. சாய மை, ஆனால் நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீர் பட்டாலும் கரையாது. தாளுக்குள் இறங்கிச் சீக்கிரம் காயும், மெல்லிய கோடும் தெளிவாக விழும். ஜாலஹள்ளி வாண்டுக்கு இதில்தான் அடிக்க வேண்டும். குடிலை வெறும் கோட்டுப் படமாக அடித்து, உள்ளே வண்ணம் எதுவும் தீட்டாமல் அனுப்பு. அவன் வாட்டர் கலர் எடுத்து உட்கார்ந்துவிடுவான், கோடு கரையாமல் நிற்கும்.

'நீ' என்பது அடர் நீலம், நிறமி மை. இது தாளுக்குள் இறங்காமல் மேலேயே தங்கும். அதனால் காய நேரம் எடுக்கும், ராத்திரி முழுக்க விரித்துப் போட்டுவிடு. ஆனால் சாய மையைவிட அதிக நாள் வெயிலில் வெளுக்காமல் இருக்கும். அல்சூர் அத்தையை நினைத்துப் பார். வருகிற கார்டை எல்லாம் நூலில் கோத்து ஜன்னலோரம் மாட்டிவிடுவாள், அடுத்த கிறிஸ்துமஸ் வரை இறக்கமாட்டாள். சாயத்தில் அடித்தது ஈஸ்டருக்குள் மங்கிவிடும். அவளுக்கு நிறமி மைதான்.

மூன்றாவது டப்பாவைத் திறந்தால் மையே இல்லை என்று நினைப்பாய். நிறமில்லாத பிசுபிசுப்பு மை அது. அடித்ததும் ஈரமாக இருக்கும்போதே எம்பாஸிங் பவுடரைத் தூவி, கவிழ்த்துத் தட்டி, மிச்சத்தை மடித்த தாள் வழியாகத் திரும்பப் பாட்டிலில் கொட்டிவிடு. அங்கங்கே ஒட்டியிருக்கிற துகளை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, சூடான காற்று ஊதுகிற ஹீட் கன்னைக் காட்டு. தூள் உருகிப் பளபளவென்று மேடாக நிற்கும். கல்யாணப் பத்திரிகையில் உப்பலாக எழுத்து வருமே, அதற்கும் பெரும்பாலும் இதே முறைதான். ஈர மையில் தூள், அப்புறம் சூடு. ஹேர் டிரையர் போதாது. அதன் சூடு பற்றாது, காற்றும் தூளைப் பறக்கடித்துவிடும். ஹீட் கன்னை நான் அனுப்பவில்லை. இங்கே விற்பது 230 வோல்ட், உங்கள் கனடாவில் மின்சாரம் 120. அங்கேயே ஒன்று வாங்கிக்கொள். சூடு பண்ணும்போது குட்டியைத் தள்ளி உட்கார வை. தூள் பளபளத்த உடனே கன்னை எடுத்துவிடு. அதிகம் காட்டினால் மேடு அமுங்கிப்போகும், தாளும் கருகும்.

வினிபெக் குளிரில் ஹீட்டர் போட்ட அறைக் காற்று ரொம்ப உலர்ந்திருக்கும் இல்லையா? அப்போது நிலைமின்சாரத்தால் தூள் அட்டை முழுக்க ஒட்டிக்கொள்ளும். விரல் பட்ட இடத்திலும் ஒட்டும். ஸ்டாம்ப் அடிக்கிறதுக்கு முன்னால் துளி டால்கம் பவுடரைப் பஞ்சில் தொட்டு அட்டை மேல் லேசாகத் தடவிவிடு, சரியாகிவிடும்.

இந்த மூன்றாவது டப்பாவை நான் வாங்கியதே கோலார் பெரியம்மாவுக்காக. உனக்குத் தெரியும், அவளுக்குப் பார்வை மிகவும் மங்கிவிட்டது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிகிறது. வருஷா வருஷம் தங்கவயல் தபால்காரரை வாசலில் நிறுத்தி, நம்ம கவர் எது என்று கேட்டு வாங்குகிறவள். அவளுக்கு வண்ணம் தேவையில்லை. பெரிய நட்சத்திரத்தை அட்டையின் நடுவில் ஒன்றே ஒன்று அடித்து எம்பாஸ் பண்ணு. முதல் தடவை உருகிய சூடு ஆறுவதற்குள் இன்னொரு தடவை தூள் தூவிச் சூடு காட்டினால் மேடு இன்னும் உயரும். விரலால் தடவினால் நட்சத்திரத்தின் கூர்முனைகள் எல்லாம் தெரிய வேண்டும். உள்ளே நீ எழுதுவதைத் தங்கச்சி வாசித்துக் காட்டுவாள், ஆனால் அட்டையைப் பெரியம்மா தானே தடவிப் பார்த்துக்கொள்வாள். ஜிகினாத் தூள் மட்டும் வேண்டாம், விரலில் ஒட்டி எரிச்சல் தரும்.

ஸ்டாம்பில் மை எடுக்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். அம்மா அச்சு முறுக்குச் சுடும்போது அச்சை மாவில் முழுசாக முக்கமாட்டாள், முக்கால் பாகம்தான். மேலே மாவு ஏறினால் முறுக்கு கழன்று வராது. இதுவும் அப்படித்தான். பேடில் ஸ்டாம்பை ஓங்கி அமுக்கினால் மை பள்ளங்களிலும் ரப்பரின் ஓரத்திலும் ஏறி, தாளில் தேவையில்லாத விளிம்பு விழும். ஸ்டாம்பை இடது கையில் மல்லாத்திப் பிடித்து, பேடை அதன் மேல் லேசாகத் தட்டித் தட்டி எடு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார், எங்கும் சீராகப் பளபளத்தால் போதும். தாளுக்கு அடியில் பழைய வாரப் பத்திரிகை ஒன்றை மெத்தையாக வை. நேராக இறக்கு, அழுத்து, அசைக்காதே, நேராகத் தூக்கு. நாங்கள் ஆபீஸ் சீல் அடிக்கிற மாதிரி ஆட்டி ஆட்டி அமுக்குவது இங்கே ஆகாது.

ஒரே நட்சத்திரத்தை வைத்து வானம் முழுக்கச் செய்யலாம். மை எடுத்து ஒருமுறை அடி, மறுபடி மை தொடாமல் பக்கத்தில் இன்னொரு முறை, இன்னும் ஒரு முறை. அடர்த்தி குறைந்துகொண்டே போகும், மங்கலானது தூரத்தில் இருப்பதாகத் தெரியும். குடிலுக்குப் பின்னால் நட்சத்திரம் வேண்டுமானால், முதலில் குடிலை அட்டையில் அடித்துக்கொள். அதையே மெல்லிய தாளில் இன்னொன்று அடித்துக் கத்தரித்து, அட்டையிலுள்ள குடிலின் மேல் சரியாக வைத்து மூடு. இப்போது நட்சத்திரத்தைப் பாதி அதன் மேல் படுகிற மாதிரி அடித்துவிட்டுத் தாளை எடு. குடில் முன்னால் நிற்கும், நட்சத்திரம் கூரைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும்.

தாள் விஷயம் சுருக்கமாக. அவென்யூ ரோட்டில் வாங்கிய 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம்) அட்டை கொஞ்சம் வைத்திருக்கிறேன், பூச்சு இல்லாதது. அங்கே வாங்கினாலும் ஆர்ட் கார்டு மாதிரி பளபளப்புப் பூச்சு உள்ளதை எடுக்காதே. நான் வைத்திருப்பது ஏ4. குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் நடுவில் மடித்தால் 105க்கு 148 மில்லிமீட்டர் கார்டு வரும், சி6 கவரில் சரியாக உட்காரும். மடிக்கும் முன் ஸ்கேல் வைத்து மை தீர்ந்த பேனாவால் ஒரு கோடு அழுத்தி இழு, இல்லையென்றால் மடிப்பில் அட்டை வெடித்துப் பிளந்து நிற்கும்.

உன் தோழி இந்த வருஷம் அப்பாவை இழந்தாள் என்றாயே, அவளுக்கு "மகிழ்ச்சி" என்று வருகிற எந்த வாசகமும் வேண்டாம். இரண்டாவது தடவை அடித்த மங்கலான நட்சத்திரம் ஒன்று, கீழே உன் கையெழுத்தில் நாலு வரி. கிறிஸ்துமஸ் கொண்டாடாத நண்பர்களுக்குக் குடில் வேண்டாம், புத்தாண்டு என்று எழுதி அனுப்பு. பொங்கல் பானையை ஜனவரிக்கு எடுத்து வை. அந்தக் காலத்தில் பொங்கல் வாழ்த்து எத்தனை வரும், கரும்பும் பானையும் சினிமா நடிகர்களும் போட்டு! கவரை ஒட்டாமல் மடித்துச் சொருகி, 'புக் போஸ்ட்' என்று எழுதிக் குறைந்த கட்டணத்தில் போடுவோம்.

குட்டிக்கு என் ஸ்டாம்ப் மட்டும் போதாது, அவளே ஒன்று செய்யட்டும். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் பெரும்பாலும் ஐந்து முனை நட்சத்திரம் தானாக வரும். வழுவழுப்பைத் துணியில் ஒற்றி எடுத்துக் கொஞ்ச நேரம் ஆறவிட்டால்தான் மை பிடிக்கும். இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் பெரிய ரப்பர் அழிப்பானில் செதுக்கக் கற்றுக்கொடு. பென்சிலால் வரைந்த தாளைக் கவிழ்த்து ரப்பரில் தேய்த்தால் படம் இடவலம் மாறிப் பதியும், அதைச் செதுக்கி அடித்தால் நேராக வரும். கத்தி உன் கையில் இருக்கட்டும்.

செதுக்கும்போது அவளுக்கு இந்தக் கதைகளையும் சொல். அழிக்கிற ரப்பரைப் பற்றி ஜோசப் பிரீஸ்ட்லி எழுதியது 1770இல். ஆனால் அந்த ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைத்து வெடிக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் உறுதியாகிறது என்று சார்லஸ் குட்இயர் கண்டது 1839இல். அந்த ரப்பரில் பல்செட் செய்ய ஆரம்பித்தார்கள். பல் வைத்தியர்கள் வைத்திருந்த அதே சின்ன வேகவைக்கும் பானைகளில்தான் அமெரிக்காவில் முதல் ரப்பர் ஸ்டாம்புகளும் வெந்தன. பிரிட்டன் முழுக்க 1840இல் ஒரு பென்னிக்குக் கடிதம் போகிற தபால் வந்தது. 1843இல் ஹென்றி கோல் என்பவர், கிறிஸ்துமஸுக்கு எழுத வேண்டிய கடிதங்கள் குவிந்துவிட்டதால் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் படம் வரையச் சொல்லி அட்டை அச்சிட்டார். அச்சிட்ட படத்துக்கு வண்ணம் தீட்டியது கையால்தான். ஒன்று ஒரு ஷில்லிங். படத்தில் ஒரு குடும்பம் விருந்து உண்கிறது, இரண்டு பக்கமும் ஏழைகளுக்குச் சாப்பாடும் துணியும் கொடுக்கிறார்கள். அந்தப் பக்கப் படங்களைப் பற்றி அவளிடம் நிறையப் பேசு.

வேலை முடிந்ததும் ஈரத்துணியில் ஸ்டாம்பை ஒற்றி எடு. மரக்கட்டையைத் தண்ணீரில் முக்காதே, பசை விட்டுவிடும். வெயில் படாத பெட்டியில் வை. பேடுகளைக் கவிழ்த்து வைத்தால் மை மேல்பக்கம் இறங்கி நிற்கும்.

இந்தியாவுக்கு வரவேண்டிய கார்டுகளை முதலில் முடித்து, நவம்பர் கடைசிக்குள் போட்டுவிடு. எம்பாஸ் பண்ணிய கார்டுக்கு மேல் ஒரு மெல்லிய தாளை வைத்துக் கவருக்குள் தள்ளு. கவர் தடிமனாகிவிட்டால் கட்டணம் மாறலாம், தபால் ஆபீஸில் எடை போட்டே தபால்தலை ஒட்டு. பெரியம்மா முகவரியில் இப்போது வீட்டு எண் மாறியிருக்கிறது, புது முகவரியைத் தனித் தாளில் எழுதிப் பெட்டியின் மூடியில் ஒட்டியிருக்கிறேன். அம்மா கல்கல் பலகாரம் செய்து ஒரு டப்பா வைத்திருக்கிறாள், அதை ஸ்டாம்புகளுக்குப் பக்கத்தில் வைக்காமல் தனியாகக் கட்டச் சொல்லி நிற்கிறாள்.

அன்புடன்,
அப்பா