நெடுந்தீவுக்கு ஆட்களைக் கூட்டி வருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

யாழ்ப்பாண நகரத்திலிருந்து நெடுந்தீவுக்குச் சுற்றுலா ஒழுங்கு செய்கிற வான்காரர், விடுதிக்காரர், வெளிநாட்டு உறவுகளுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பவர்கள் எல்லாருக்கும் வணக்கம். ஆட்கள் வருவதில் எங்களுக்கு மனக்குறை இல்லை. பட்டா என்கிற சிறு பாரவண்டி ஓட்டுபவருக்கும் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவருக்கும் அது பிழைப்பு. எங்கள் முறைப்பாடு நீங்கள் தெரிவு செய்கிற மாதத்தைப் பற்றியது.

ஐரோப்பாவில் பள்ளிக்கூட விடுமுறை யூலை, ஓகஸ்டில். நயினாதீவு அம்மன் கோயில் திருவிழாவும் நல்லூர்த் திருவிழாவும் அந்தக் காலத்தை ஒட்டியே வருகின்றன. ஆகவே தீவுகளுக்குப் படகேறும் குறிகட்டுவான் துறையில் சனம் நிரம்புவது ஆனி தொட்டு ஆவணி வரை. நெடுந்தீவுக்கு அது ஆண்டின் ஆகக் கடினமான காலம். வைகாசியில் எழும்பும் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று புரட்டாசி வரை அடிக்கும். மழை இல்லை, புல் கருகிக் கிடக்கும், தீவில் கட்டாக்காலியாய்த் திரியும் குதிரைகளே தண்ணீருக்கு அலையும்.

தண்ணீர்க் கதையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நகரத்திலிருந்து வருகிறவர்களுக்கு இது புரிவதில்லை. இங்கே ஆறும் இல்லை, மலையும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியிலே கிடக்கும் உவர் நீருக்கு மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. கிணற்றில் நாங்கள் அள்ளுவது அந்தப் படையைத்தான். நன்னீர் மட்டம் ஓரடி இறங்கினால் கீழிருக்கும் உவர் நீர் 40 அடி வரை மேலேறலாம் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. வாளியால் அள்ளும்போது ஊற்று ஈடுகொடுக்கும். மோட்டார் போட்டு ஒரே மூச்சில் இறைத்தால் குழாய்க்கு நேர் கீழே உவர் நீர் கூம்பு மாதிரி எழும்பி வரும். அப்படி உவர்த்துப்போன கிணறு அடுத்த மாரி மழை வரை திரும்பாது. சாராப்பிட்டிப் பக்கத்து நல்ல தண்ணீர்க் கிணறுகளை நம்பித்தான் கோடையில் பல வீடுகள் இருக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம்.

இப்போது உங்கள் கணக்கைப் பாருங்கள். முப்பது பேர் ஓரிரவு தங்கி, கடலில் குளித்து உப்புப் போக ஆளுக்கு 50 லீற்றர் வார்த்தால் 1,500 லீற்றர் முடிந்தது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லீற்றர் என்று வைத்தால், அது இரண்டு மாதத் தண்ணீர்.

தீவில் தங்குமிடம் நடத்துகிறவர்கள், நடத்த நினைக்கிறவர்கள் கிணற்றை நம்பாமல் கூரை மழையைப் பிடியுங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஏறத்தாழ 93 லீற்றர். தெறிப்பும் கசிவும் போக 75 லீற்றர் தாங்கிக்குள் வரும். மாரியில் ஒரு நல்ல மழைநாளில் 50 மில்லிமீற்றர் பெய்தாலே 3,750 லீற்றர். முதல் மழையில் கூரையிலிருக்கும் காக்கை எச்சமும் தூசியும் வரும், அதைத் தாங்கிக்குள் விடாமல் வெளியே திருப்ப ஒரு தனிக்குழாய் வையுங்கள். தாங்கி மூடியில் நுளம்பு வலை வேண்டும், வெயில் உள்ளே போகக் கூடாது, போனால் பாசி பிடிக்கும். 5,000 லீற்றர் தாங்கி ஐந்து பேருக்கு 200 நாள் தாங்கும், அதாவது தையில் நிரம்பியிருந்தால் ஆடியில் வற்றும். ஆவணி, புரட்டாசிக்கும் வேண்டுமென்றால் 7,500 லீற்றராவது கட்ட வேண்டும். கிணற்றுக்கு மோட்டார் வேண்டும்தான் என்றால் அரைக் குதிரைவலுவுக்கு மேல் போகாதீர்கள். கால் மணித்தியாலம் ஓட்டி நிறுத்தி, ஊறவிட்டுப் பிறகு போடுங்கள்.

மலக்குழியும் இதே கதைதான். சுண்ணக்கல் முழுக்க வெடிப்பு. மண் வடிகட்டும் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. அடிமூடிய தாங்கி கட்டாமல் வெறும் குழி வெட்டினால், அது அயலவரின் கிணற்றுக்குத்தான் போகும்.

அடுத்தது கடல். நயினாதீவுக்குக் கால் மணித்தியாலத்தில் போய் இறங்கியவர்கள் நெடுந்தீவும் அப்படித்தான் என்று எண்ணி வருகிறார்கள். நெடுந்தீவில் படகு அணையும் மாவிலித்துறைக்கு ஒரு மணித்தியாலம் அளவில் எடுக்கும், நடுவிலே மறைப்பில்லாத கடல். சோளகத்தில் போகும்போது அலை படகின் முகத்தில் மோதும். முன்னால் இருப்பவர் நனைவதும் வாந்தியெடுப்பதும் அதனால்தான். முதியவர்களையும் குழந்தைகளையும் நடுவிலோ சற்றுப் பின்னாலோ தாழ இருத்துங்கள். பாதுகாப்பு அங்கியை மடியில் வைத்திருப்பதில் பயனில்லை, ஏறும்போதே வாரை இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். வாந்தி மாத்திரையைப் படகில் ஏறிய பிறகு போட்டால் வேலை செய்யாது, அரை மணித்தியாலம் முன்னதாகப் போட வேண்டும். கரை தெரிந்ததும் படமெடுக்க எல்லாரும் ஒரு பக்கம் எழும்பி நிற்பது மிக மோசமான பழக்கம். படகு சாய்வதற்கு அலை தேவையில்லை, நாற்பது பேர் போதும்.

பயணிகள் படகு எங்களுக்குப் பேருந்து, சரக்கு வண்டி, நோயாளர் வண்டி மூன்றும். கடுமையான நோயாளரை யாழ்ப்பாணம் கொண்டுபோகவும் பெரும்பாலும் கடல்வழியைத்தான் நம்பியிருக்கிறோம். ஆசிரியர்களும் அலுவலர்களும் அதில்தான் வருகிறார்கள், அரிசி மூட்டையும் எரிவாயுச் சிலிண்டரும் அதில்தான். பத்துப் பேருக்கு மேற்பட்ட குழுவென்றால் தனிப்படகு பேசுங்கள். அது முடியாவிட்டால் காலை முதற்படகையும் பின்னேரக் கடைசிப் படகையும் விட்டு இடைப்பட்டதில் வாருங்கள்.

பவளக்கல் வேலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் சாந்து இல்லை. கல்லுக்குக் கல் கொளுவித்தான் நிற்கிறது. மேலே ஏறி நின்றால் ஒரு கல் வழுகும், அடுத்த கிழமை அந்த இடைவெளியால் மாடு தோட்டத்துக்குள் நுழையும். கடலில் பவளப்பாறை உடைப்பது சட்டப்படி குற்றம், ஆகவே மாற்றுக்கல் இலேசில் கிடையாது. பெருக்கமரத்துப் (பாவோபாப்) பொந்துக்குள் போகலாம், பேர் செதுக்க வேண்டாம். குதிரைகளுக்கு விசுக்கோத்துக் கொடுப்பதும் படத்துக்காக ஓட்டோவில் துரத்துவதும் வேண்டாம். வெயிலில் ஓடிய குதிரைக்கு ஓடி முடிந்ததும் தண்ணீர் வேண்டும், அது எங்கே இருக்கிறது?

வருவதற்கு ஏற்ற காலம் தை பிற்பகுதியிலிருந்து பங்குனி முடிய. வாடைக்காற்று ஓய்ந்து கடல் படியும், கிணறு நிறைந்திருக்கும், தரவை என்னும் புல்வெளியெல்லாம் பச்சையாக இருக்கும், குதிரைகள் கொழுத்து நிற்கும். சித்திரை வெக்கையென்றாலும் கடல் நல்லது. ஐப்பசி தொட்டு மார்கழி வரை வர விரும்புகிறவர்களிடம், புயல் எச்சரிக்கை வந்தால் படகு ஓடாது, இரண்டு மூன்று நாள் இங்கேயே நிற்க வேண்டி வரலாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அதற்கேற்ற மருந்தும் காசும் கையில் இருக்கட்டும்.

ஆடி, ஆவணிக்கு ஏற்கெனவே முற்பணம் வாங்கியிருந்தால் ஆட்களைத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. இரவு தங்குவதை நிறுத்தி ஒருநாள் பயணமாக்குங்கள், குளிப்பு நகரத்து விடுதியில். ஆளுக்கு ஐந்து லீற்றர் குடிதண்ணீர் கரையிலிருந்தே ஏற்றுங்கள், அதையும் சின்னப் போத்தல்களில் வாங்காமல் பெரிய கலனில் கொண்டுவந்து ஊற்றிக் கொடுங்கள். வெறும் போத்தல்களையும் சாப்பாட்டுப் பொதிகளையும் சாக்கில் கட்டிக் குறிகட்டுவானுக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள், இங்கே புதைத்தாலும் எரித்தாலும் எங்கள் தலையில்தான். அடுத்த ஆண்டுக்கான விளம்பரத்தை அடிக்கும்போது மாசியை முதலில் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுந்தீவில் பன்னிரண்டு மாதமும் குடியிருப்போர்