பபிளர் போடுகிறவர்கள் பக்கத்து வீட்டாரையும் யோசிக்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

விடுமுறை வீடான கொட்டேஜைக் குளிர்காலத்துக்கு மூடிவைப்பது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். குழாயில் நிற்கும் தண்ணீரை வடிப்பது, எலி புகாமல் ஓட்டைகளை அடைப்பது எல்லாம் விளக்கமாக இருந்தன. படகு கட்டும் மேடையான ஏரிக்கரை டொக்குக்கு மட்டும் 'பபிளர் போட்டுவிடுங்கள்' என்று ஒரே வரி. பபிளர் என்பது டொக்கைச் சுற்றிப் பனிக்கட்டி பிடிக்காமல் தண்ணீருக்குள் காற்றுக்குமிழி விடும் கருவி. அதே யோசனையைக் கேட்டு மூன்று வருடங்களுக்கு முன் நான் ஒரு பிழை விட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நானும் மச்சானும் சேர்ந்து ஒன்ராறியோவின் கவார்த்தா ஏரிகள் பக்கம் ஒரு சின்னக் கொட்டேஜ் வாங்கினோம். டொக் இரும்புக் கால்களில் நிற்பது, கழற்ற முடியாது. பனிக்கட்டி அந்தக் கால்களை இறுகப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஏரியின் நீர்மட்டம் கொஞ்சம் ஏறினாலும் போதும், பல்லைப் பிடுங்குவதுபோல் கால்களை மேலே இழுத்துவிடும். முதல் வருடமே இரண்டு கால்கள் கிளம்பிவிட்டன. அடுத்த வருடம், தண்ணீருக்குள் விசிறிபோல் சுழலும் மோட்டார் ஒன்றை டொக்கின் கீழே தொங்கவிட்டோம். வார இறுதியில் மட்டும்தானே வருகிறோம் என்று இரவு பகலாக ஓடவிட்டுப் போனோம்.

தை மாதம் ஒரு சனிக்கிழமை போய் இறங்கினால், பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வாசலில் நிற்கிறார். எழுபது வயது தாண்டிய மனிதர். கோபப்படவில்லை. கையில் ஓர் இரும்புக் கம்பியோடு எங்களைக் கரையோரமாகக் கூட்டிப் போனார். டொக்கைச் சுற்றி ஏறக்குறைய 60 அடிக்குத் தண்ணீர் கறுப்பாகத் திறந்து கிடந்தது. அதைத் தாண்டி அவருடைய வீட்டுக்கு முன்னால் வெள்ளைவெளேரென்று பனி. உறுதியான தரை என்றுதான் யாரும் நினைப்பார்கள். கரையில் நின்றபடி கம்பியால் ஒரு தட்டுத்தான் தட்டினார், கம்பி உள்ளே போய்விட்டது. முதல்நாள் பெய்த பனி, விரல் தடிப்புக்கூட இல்லாத பனிக்கட்டியை மூடியிருந்தது. வருடாவருடம் அவருடைய பேரப்பிள்ளைகள் சறுக்கி விளையாடும் இடம் அது. ஒருவர் தனியாகச் சறுக்குவதற்கே குறைந்தது 15 சென்ரிமீற்றர் தடிப்பு வேண்டும் என்கிறது கனடியச் செஞ்சிலுவைச் சங்கம். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இந்த மோட்டாரோ, காற்றுக்குமிழி விடும் பபிளரோ தண்ணீரைச் சூடாக்குவதில்லை. தண்ணீர் 4 பாகை செல்சியஸில்தான் மிகக் கனமாக இருக்கும், அதனால் ஏரியின் அடியில் தங்கும். உறைநிலைக்கு மேலிருக்கும் அந்த அடித்தண்ணீரை மேலே கொண்டுவந்து பனிக்கட்டி பிடிக்காமல் செய்வதுதான் இவற்றின் வேலை. டொக்கின் கால்களைச் சுற்றி இரண்டடி திறந்திருந்தாலே போதும். அதற்கு மேல் திறப்பதெல்லாம் மின்சாரக் கட்டணமும் அடுத்தவருக்கு ஆபத்தும்தான். "இனி இதை விடாமல் ஓடவிடப்படாது" என்றான் மச்சான். வெளியே உறைநிலைக்குக் கீழே போனால் மட்டும் ஓடும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றும், இரவில் சில மணித்தியாலம் மட்டும் விடும் டைமர் ஒன்றும் பூட்டினோம். தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்காரர் பக்கம் தள்ளாதபடி மோட்டாரை நேர் மேலே திருப்பினோம். சுற்றிவர எச்சரிக்கைப் பலகைகளும் மின்னும் மஞ்சள் விளக்கும் வைத்தோம். பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியில் இரவில் வருகிறவர்களுக்கு அந்த விளக்கு கட்டாயம் தேவை. ஆனால் அது யாருடைய படுக்கையறை ஜன்னலுக்குள்ளும் அடிக்கக் கூடாது. கரையில் கொம்பிரசர் வைக்கிற பபிளர் என்றால் சத்தத்தையும் யோசிக்க வேண்டும். உறைந்த ஏரியில் அந்த இரைச்சல் வெகுதூரம் கேட்கும்.

சட்டமும் இருக்கிறது. பொதுமக்கள் நடமாடும் பனிக்கட்டியில் திறப்பு உண்டாக்கினால், யாரும் விழாதபடி காவல் செய்து எச்சரிப்பது உண்டாக்கியவரின் கடமை என்கிறது கனடாவின் குற்றவியல் சட்டம், 263ஆம் பிரிவு. உயிர் போனால் அது கொலைக்குற்றத்துக்கு அடுத்த படியான மனிதக் கொலையாகும் (manslaughter). 'என் காணி, என் டொக்' என்று சொல்லித் தப்ப முடியாது.

மிதக்கும் டொக்கோ கழற்றக்கூடிய டொக்கோ வைத்திருப்பவர்களுக்கு மோட்டாரே தேவையில்லை. ஒக்டோபரில் வரும் தாங்ஸ்கிவிங் வார இறுதியில் நாலைந்து பேர் கூடினால் ஒரு காலையில் கரைக்கு இழுத்துவிடலாம். புதிதாகக் கட்டப் போகிறவர்கள் அந்த வகையையே கட்டுங்கள்.

எங்களைப் போல் வழியில்லாதவர்கள், ஏரி உறைவதற்கு முன்னமே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிடுங்கள். நாங்கள் வாரநாட்களில் ஸ்காபரோவில் இருக்கிறோம். அதனால் மோட்டாரின் சுவிட்ச் பெட்டிச் சாவி ஒன்றை அந்தப் பெரியவரிடமே கொடுத்துவைத்திருக்கிறோம். திறப்பு பெரிதாவதாக அவருக்குத் தோன்றினால் எங்களைக் கேட்காமலே அணைக்கலாம். போன குளிர்காலத்தில் இரண்டு தரம் அணைத்தார். டொக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஸ்காபரோ