வைகாஃப் பண்ணை வீட்டுக் கட்டுரைக்குத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

அன்பிற்குரியோரே,

நியூயார்க்கின் புரூக்ளினில், கார் பழுதுபார்க்கும் கடைகளுக்கு நடுவே நிற்கும், இன்று அருங்காட்சியகமாக உள்ள பழைய டச்சு வீடான வைகாஃப் பண்ணை வீட்டைப் பற்றி எங்கள் தமிழ்ப் பள்ளி ஆண்டு மலருக்கு நான் எழுதிய கட்டுரை அச்சேறிவிட்டது. அதில் உருப்படியானவை பெரும்பாலும் உங்களிடம் கேட்டறிந்தவை.

முதல் நன்றி அருங்காட்சியக வழிகாட்டி அம்மையாருக்கு. வீடு முழுவதும் 1652இல் எழுந்தது என்று எழுதி எடுத்துச் சென்றிருந்த என்னை, அவர் தாழ்ந்த கூரையுள்ள சிறு பகுதிக்கு அழைத்துச் சென்று, அந்த ஆண்டு வாக்கில் இருந்தது மண்தரையும் கண்ணாடியில்லாச் சன்னல்களும் கொண்ட ஓரறை மட்டுமே என்றும், 1740இலும் 1819இலும் வீடு வளர்ந்தது என்றும் பொறுமையாகத் திருத்தினார். 1637இல் ஒப்பந்தக் கூலியாக இங்கிருந்த டச்சுக் குடியேற்றத்துக்கு வந்து, பின்னர் இவ்வீட்டில் குடியிருந்த பீட்டர் கிளாசன், 1664இல் ஆங்கிலேயர் ஆட்சி வந்த பின்னரே வைகாஃப் என்ற பெயரைச் சூடினார் என்பதும் அவர் சொல்லித் தெரிந்ததே.

மகனைப் பார்க்க நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த தச்சர் ஐயாவுக்கு நான் பட்ட கடன் பெரிது. இரு தூண்களை உத்தரத்தால் பிணைத்து, மூலைகளில் சாய்சட்டம் கொடுத்து, ஆங்கில ‘எச்’ எழுத்தைப் போன்ற சட்டகங்களை வரிசையாக நிறுத்தும் டச்சு முறை, மூன்று முறை படித்தும் எனக்குப் பிடிபடவில்லை. ஐயா அதைத் தீக்குச்சிகளை அடுக்கி மேசைமேல் காட்டினார். “பாரமெல்லாம் சட்டகத்துக்குத்தான் தம்பி, சுவர் வெறும் போர்வை” என்றார். மரச்சில்லு வேய்ந்த சுவரைத் தாண்டி வளைந்து நீளும் இறவாணத்தை அண்ணாந்து நெடுநேரம் பார்த்தவர், இரண்டாகத் திறக்கும் கதவின் கீழ்ப்பாதியை மட்டும் சாத்தி, “வெளிச்சம் வரும், கோழி வராது” என்று சிரித்தார்.

நூலகத்தில் உதவிய அன்பர் இல்லையென்றால் கட்டுரை நேர்மையற்றதாக இருந்திருக்கும். இந்தப் பண்ணைகள் அடிமைகளின் உழைப்பிலும் நின்றவை. புரூக்ளின் அடங்கிய கிங்ஸ் கவுண்டியில் 1790ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அடிமை, நியூயார்க்கில் அம்முறை ஒழிந்தது 1827இல்தான். மரச்சட்டங்களின் அழகில் மயங்கி இதை ஒரு வரியில் கடக்க இருந்தேன்.

1901இல் குடும்பத்தின் கைவிட்டுப் போன வீட்டை வழித்தோன்றல்களின் அறக்கட்டளை மீட்டு, 1970இல் நகருக்கு அளித்தது. நகரின் முதல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக 1965இலேயே அது அறிவிக்கப்பட்டிருந்தது.

மழையிலும் மாணவர்களை அழைத்துவந்த பெற்றோருக்கும் நன்றி. படத்தின் கீழ் ‘1652 வாக்கில்’ என்பதில் இரண்டாம் சொல் விடுபட்டது என் தவறு. வழிகாட்டி அம்மையார் பொறுத்தருள்க.