முகப்பை விட்டு உள்ளே

காரைக்குடி

அன்புள்ள சொக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சிங்கப்பூர் வேலையை முடித்துக்கொண்டு ஏப்ரலில் ஊரோடு வந்துவிடப் போகிறாய் என்பதைப் படித்ததும் மீனாளைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். "அப்ப இனிமே ராத்திரிச் சாப்பாட்டுக்கு உங்க ரெண்டு பேரையும் தேடித்தான் பிடிக்கணும்" என்றாள். சந்தோஷத்தில் சொன்னதுதான்.

ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மழை இந்த வருஷம் மோசமில்லை, ஊருணியில் தண்ணீர் நிற்கிறது. மேலத் தெருப் பெரிய வீட்டைப் பங்காளிகள் கடைசியில் பிரித்தே விட்டார்கள். தேக்குத் தூண்களும் நிலைகளும் லாரி ஏறி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போயின. 2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆனது உனக்குத் தெரியும். அதற்கேற்ற டிராஃபிக்கும் வந்துவிட்டது. ஆத்தாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, குன்றக்குடி மலை ஏறுவதை நிறுத்திவிட்டார், கீழேயே நின்று கும்பிடுகிறார். நம் பட்டறையில் வேலை நடக்கிறது. ஆத்தங்குடித் தரைக் கல்லுக்கு இப்போது பெங்களூரிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். வீடியோ காலில் எதைக் கேட்டாலும் பையன் "ம்", "சாப்டேன்", "நல்லாருக்கு" என்று முடித்துக்கொள்கிறான், நேரில் வந்த பிறகும் இப்படியே இருந்தால் என்ன செய்வது என்று எழுதியிருக்கிறாய். அவனுக்கு உன்மேல் கோபம் என்று நீயாக முடிவு கட்டிக்கொள்ளாதே. பதினோரு வயதுப் பிள்ளையின் முகத்துக்கு நேராக உட்கார்ந்து "அப்புறம்?" என்று கேட்டால் அப்படித்தான் பதில் வரும். என் மூத்தவளும் அதே பதிலைத்தான் சொல்கிறாள், இத்தனைக்கும் நான் அதே வீட்டில் இருக்கிறேன்.

ஆனால் உன் கடிதத்தில் வேறொரு வரி எனக்கு உறுத்தியது. "வந்ததும் அவளுக்குக் கொஞ்சம் ஹெல்ப் பண்ணலாம்னு இருக்கேன்" என்று எழுதியிருக்கிறாய். இந்தக் கடிதத்தில் நான் சண்டை போடப் போவது அந்த ஒரு வரியோடுதான்.

நம் பக்கத்து அப்பச்சிமார், அந்தக் காலத்துத் தகப்பன்மார், எப்படி இருந்தார்கள் என்று யோசித்துப் பார். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போனவர்கள் மூன்று வருஷத் தவணைக்குப் போனார்கள். பெண்டு பிள்ளைகள் ஊரில். புறப்படும்போது வயிற்றில் இருந்த பிள்ளை, அவர் திரும்பி வரும்போது வளவில், வீட்டு நடுமுற்றத்தில், ஓடிக்கொண்டிருக்கும். பெட்டி படுக்கையோடு உள்ளே நுழையும் ஆளைப் பார்த்து அப்பத்தா முந்தானைக்குள் ஒளியும். பையன் கொஞ்சம் தலையெடுத்ததும் கடையில் தொழில் பழகும் பெட்டியடிப் பையனாக அவனையும் கப்பல் ஏற்றி விடுவார்கள். ஐந்தொகை என்கிற வரவுசெலவுக் கணக்குப் போடக் கற்றுக்கொடுத்தது கிட்டங்கியில், அந்த ஊர்க் கடையில், வேலை பார்த்த மேலாளும் அடுத்தாளும்தான், பெற்றவர் இல்லை. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும் அந்தத் தொழில் குலைந்தது, பழக்கம் மட்டும் குலையவில்லை. பிற்பாடு துபாய், மஸ்கட், சிங்கப்பூர் என்று ஊர்ப் பெயர்கள்தான் மாறின. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் அனுப்பிய காசில்தான் நாம் படித்தோம்.

வீட்டையும் அதற்குத் தகுந்தாற்போலத்தான் கட்டினார்கள். முகப்பு, அதாவது வாசல் பக்கத்து முன்கட்டு, ஆண்களுக்கு. பெண்டு பிள்ளைகளின் புழக்கமெல்லாம் வளவுக்கு அப்பால், இரண்டாம் கட்டில். பிள்ளையைப் பார்க்க வேண்டுமானால் அப்பச்சி முகப்புக்குக் கூப்பிட்டு அனுப்புவார். மார்க் என்ன என்பார், கையெழுத்துப் போடுவார், போகச் சொல்வார். இன்றைக்குச் சென்னையில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் இருக்கிறவர்களும் மனசளவில் முகப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். "ஹெல்ப் பண்ணுவது" என்பது முகப்பிலிருந்து எழுந்து வந்து ஒரு கை கொடுத்துவிட்டுத் திரும்பவும் அங்கேயே போய் உட்காருவது.

மைக்கேல் லாம்ப் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை பார்த்தவர்களும் 1980-களில் தகப்பனின் பங்கை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். பிள்ளையோடு நேராகச் செய்வது ஒன்று: விளையாட்டு, பாடம், குளிப்பாட்டுவது. கூப்பிட்டால் எட்டுகிற தூரத்தில் இருப்பது இன்னொன்று. மூன்றாவது பொறுப்பு, அதாவது பிள்ளைக்கு என்ன வேண்டும் என்பதை யாரும் சொல்லாமலே நினைவில் வைத்து, முன்கூட்டியே ஏற்பாடு செய்வது. ஆண்கள் ஓரளவு தேறுவது முதல் இரண்டில். மூன்றாவதில் வாங்கும் மார்க்கை முகப்பில் வைத்துக் கேட்டால் நமக்கே அடி விழும்.

ஒரு சின்னச் சோதனை வைக்கிறேன். அரசுத் தடுப்பூசி அட்டவணையில் பத்து வயதில் டெட்டனஸ், டிப்தீரியாவுக்கு ஒரு டிடி ஊசி உண்டு, பதினாறு வயதில் இன்னொன்று. உன் பையனுக்கு முதலாவது போட்டாயிற்றா? "அவளுக்குத் தெரியும்" என்பதுதான் உன் பதில் என்றால், அந்த அட்டை எந்த பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பி. தங்கச்சியிடம், அதாவது உன் வீட்டுக்காரியிடம், கேட்காதே, நீயே தேடு. ஒவ்வொன்றையும் அவளிடம் கேட்டுக் கேட்டுச் செய்தால் வேலையில் பாதி அவள் தலையிலேயேதான் இருக்கும். "என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்" என்கிற ஆண்பிள்ளை நல்ல வேலைக்காரன், அவ்வளவுதான்.

அதனால் என் யோசனை, ஏதாவது ஒரு காரியத்தை அடியிலிருந்து நுனி வரைக்கும் உன்னுடையதாக எடுத்துக்கொள். பல் டாக்டர் என்றால் நாள் குறிப்பது, கூட்டிப்போவது, மருந்து தருவது, அடுத்த தடவையை ஞாபகம் வைப்பது எல்லாமே நீதான். எங்கள் வீட்டில் பேன் சீப்பு என் இலாகா. சிரிக்காதே! ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வளவில் வெளிச்சம் விழும் இடத்தில் மூத்தவளை உட்கார வைத்து நான் பேன் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, எதிர்வீட்டு ஆச்சி தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்கள். சொல்லட்டும். பள்ளிக்கூடத்தில் யார் யாரோடு பேசுவதில்லை, எந்த டீச்சர் அழவைத்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரிய வருவது அந்த நேரத்தில்தான். அவள் முதுகு என் பக்கம், முகம் எங்கோ. பிள்ளைகள் பேசுவது அப்படி இருக்கும்போதுதான்.

பட்டறையிலும் அதே கதை. லீவு நாளில் இரண்டு பிள்ளைகளும் அங்கே வந்துவிடுவார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு அறைக்குள்ளும் கலர் சிமெண்டைக் கரண்டியால் ஊற்ற மூத்தவளை விடுவேன். கலர் வெளியே வழியும், அந்தக் கல்லை விற்க முடியாது, போகட்டும். அச்சை எடுத்துவிட்டு மேலே மணலும் சிமெண்டும் போட்டு, பிறகு தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். கண்ணாடியிலிருந்து கல் கழன்று வருவதைப் பார்க்க அடுத்தடுத்த நாள் அவளே ஓடி வருவாள். கைக்கு வேலை இருக்கும்போது வாயும் திறக்கிறது. உன் பையனையும் அனுப்பு என்று சொல்லவில்லை. நீயும் அவனும் சேர்ந்து வா.

போன மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு இன்னொன்று செய்தோம். வழக்கமாக நம் வீடுகளில் ஆண்பிள்ளையின் வேலை என்ன? கடைசி நாள் பட்டு வேட்டி கட்டிப் பலகையில் உட்கார்ந்து, வரிசையாக வருகிறவர்களுக்கு இழை, அதாவது மாவில் நூல்திரி வைத்து ஏற்றியதை, எடுத்துக் கொடுப்பது. திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோரு நாளும் மறக்காமல் கோடி வேட்டியிலிருந்து தினம் ஒரு நூல் எடுத்து வைப்பது, மாவு இடிப்பது, ஆவாரம்பூ தேடுவது எல்லாம் உள்ளே இருப்பவர்கள் தலையில். இந்தத் தடவை நூல் எடுக்கும் பொறுப்பை நானும் பிள்ளைகளும் வாங்கிக்கொண்டோம். ராத்திரி படுக்கும் முன் ஒரு நூல். பெரிய காரியம் ஒன்றுமில்லை, ஆனால் தினமும் ஒரே நேரத்தில் மூன்று பேரும் ஒன்றாக உட்கார ஒரு சாக்கு கிடைத்தது. சின்னவன் எரிகிற இழையை வாயில் போட்டுக்கொள்ளப் பயப்படுவான் என்று நினைத்தேன். தான் எடுத்து வைத்த நூல் ஆயிற்றே, முதல் ஆளாக வந்து நின்றான்.

பெரியப்பச்சிக்கு இதெல்லாம் பிடிப்பதில்லை. "ஆம்பளைக்கு அதெல்லாம் ரத்தத்திலேயே வராதுப்பா" என்றார், பொங்கலன்று. அவருக்கு நான் சொன்ன பதிலை உனக்கும் எழுதுகிறேன், உன் வீட்டிலும் ஒரு பெரியப்பச்சி இருப்பாரே. பிலிப்பைன்ஸில் செபு என்ற இடத்தில் 624 ஆண்களைச் சில வருஷம் தொடர்ந்து பார்த்து 2011-ல் ஓர் ஆய்வு வெளியானது. தகப்பனானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் இறங்கியிருந்தது. தினமும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ பிள்ளையைக் கவனித்தவர்களுக்கு, கவனிக்காத தகப்பன்மாரைவிடக் குறைவாக இருந்தது. ஆக, ரத்தத்தில்தான் முதலில் வருகிறது. மத்திய ஆப்பிரிக்கக் காட்டில் அகா என்று ஒரு ஜனம். அங்கே தகப்பன்மார் நாளில் ஏறக்குறைய பாதி நேரம் கைக்குழந்தையைத் தூக்கியோ கையெட்டும் தூரத்திலோ வைத்திருப்பதாக பாரி ஹியூலெட் என்ற மானிடவியலாளர் எழுதியிருக்கிறார். அவர்களும் வேட்டைக்குப் போகிறவர்கள்தான். பெரியப்பச்சி "காட்டுப் பயலுக" என்று சொல்லிவிட்டு இன்னொரு கந்தரப்பம் எடுத்துக்கொண்டார்.

சட்டமும் அவர் பக்கம்தான் என்று வைத்துக்கொள். பேறுகாலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு. மத்திய அரசு ஊழியரான தகப்பனுக்கு 15 நாள். தனியார் கம்பெனி ஆளுக்குச் சட்டப்படி ஒன்றுமே கிடையாது, முதலாளி மனசு வைத்தால் உண்டு. ஸ்வீடனில் 1974-லேயே அந்த லீவைத் தகப்பனும் எடுக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். என் தம்பிக்குப் போன ஐப்பசியில் பெண் பிறந்தாள், அவன் ஆபீசில் கணக்குப் பார்த்துக் கொடுத்த நாட்கள் ஆஸ்பத்திரியிலேயே தீர்ந்துபோயின. நீ வேலையை விட்டு வருகிறவன், உனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

வந்த புதிதில் ஒன்றில் மட்டும் ஜாக்கிரதையாக இரு. இத்தனை வருஷம் அந்த வீட்டைத் தங்கச்சியும் உன் ஆத்தாவும் ஒரு மாதிரி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். வந்த மறுநாளே செல்போனைப் பிடுங்குவது, டியூஷனை மாற்றுவது, "இத்தனை மணிக்கு எழுந்திரு" என்பது, இதெல்லாம் வேண்டாம். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரியிடம் யாரும் மனம் விட்டுப் பேசமாட்டார்கள். கையும் ஓங்காதே. பள்ளிக்கூடத்திலேயே பிள்ளையை அடிக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. வாத்தியாருக்கு இல்லாத உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது? அவனுக்கு என்ன பிடிக்கிறதோ அதில் போய் உட்கார். கிரிக்கெட் என்றால் நீ பந்து பொறுக்கு. அதில் பாடம் எடுக்காதே, இது உன் பழைய வியாதி.

தங்கச்சியிடமும் பேசிக்கொள். நாம் செய்வது அவர்கள் செய்கிற மாதிரி இருக்காது. நான் டிபன் பாக்ஸ் கட்டினால் இட்லி ஒரு பக்கம், பொடி ஒரு பக்கம். மீனாள் பின்னாலேயே நின்று திருத்திக்கொண்டே இருந்தாள். ஒருநாள் உட்கார்ந்து பேசினோம்: பட்டினி போடாத வரைக்கும் என் முறை என்னுடையது என்று ஒப்பந்தம். அதை அவள் பெரும்பாலும் காப்பாற்றுகிறாள். வீட்டு வேலையில் பாதியை விட்டுக்கொடுப்பதும் சுலபமில்லை, அதையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

பள்ளிக்கூட மீட்டிங்குக்கு நீயே போ. மூத்தவள் படிப்பது அரசுப் பள்ளி, அங்கே பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். நானும் இருக்கிறேன். மீட்டிங்கில் பெஞ்சு நிறைய அம்மாக்கள், ஓரமாக நாங்கள் சில ஆண்கள். கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி நான் பேசினால் உடனே குறித்துக்கொள்கிறார்கள், அதையே மூன்று மாதமாக ஓர் அம்மா சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அது எனக்குப் பெருமையாக இல்லை. இப்போதெல்லாம் அவர் சொன்னதும் "இவங்க சொல்றது சரி" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இன்னொன்று, மூத்தவள் வளர்கிறாள். நாளைக்கே அவள் பெரியவளாகலாம். சடங்கு, பந்தல் எல்லாம் அப்பத்தா பார்த்துக்கொள்வார், அது வேறு. நாப்கின் எங்கே இருக்கிறது, தீர்ந்தால் வாங்கி வருவது யார் என்பதில் என் பெயரும் இருக்க வேண்டும் என்று மீனாளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மகளிடமும் சாதாரணமாகச் சொன்னேன். வெட்கப்பட்டாள், அப்புறம் "கடையில பேப்பர்ல சுத்தித் தராம வாங்கிட்டு வரணும்" என்று கண்டிஷன் போட்டாள்.

டிக்கெட் போட்டதும் தேதியை எழுது. திருச்சிக்குக் கார் நான் எடுத்து வருகிறேன், உன் பையனையும் முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டி வருகிறேன். ஆத்தா உன்னிடம் கோடாரித் தைலம் இரண்டு பாட்டில் கேட்டார்கள், பெரிய சைஸ். மீனாள் ஒன்றும் வேண்டாம் என்கிறாள், எதற்கும் மைலோ வாங்கி வா.

உன்,
லெட்சுமணன்